வழக்கு இருந்தும் வோட்டு விழுவது ஏன்?

கேள்வி: வேட்பாளர் மீது வழக்கு இருப்பது தெரிந்தும், 'நம்ம ஆளு' என்று வோட்டு போடுகிறார்கள். படித்த, வழக்கில்லாத சுயேச்சைக்கு டெபாசிட்கூட மிஞ்சுவதில்லை. மக்களுக்கு விவரம் போதவில்லையா? (சென்னை வாசகர்)

பதில்: விவரமெல்லாம் தெரியும், போடும் கணக்குதான் வேறு. முதியோர் பென்ஷன் நின்றுபோனால், பட்டா இழுத்தடித்தால், பையனை போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்தால், வேட்பாளர் நம்மோடு வருவாரா? இதுதான் முதல் கேள்வி. தனியாகப் போனால் தாலுகா ஆபீஸில் வேலை நடக்காது என்று நினைப்பவருக்கு, வேட்பாளர் மீதுள்ள வழக்குகூட 'தைரியசாலி' என்பதற்கு அத்தாட்சி.

சென்னைக்குத் தனிக் காரணமும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி தேர்தல் வரை மாநகராட்சியில் கவுன்சிலரே கிடையாது. சாக்கடை அடைப்புக்கும் எம்.எல்.ஏ.வைத்தான் தேட வேண்டியிருந்தது. சட்டம் இயற்றப் போகிறவரைத் தெருவிளக்கை வைத்து எடைபோடும் பழக்கம் இதனால் இன்னும் இறுகியிருக்க வேண்டும்.

ஆனால் நெருக்கத்தை நடிக்கவும் முடியும். டீ ஆற்றுவது, தோசை சுடுவது எல்லாம் பிரசார வேலை. (நடிப்பு சொதப்பியதும் உண்டு: 1976-ல் டெக்சாஸ் போன அமெரிக்க அதிபர் ஃபோர்டு, இலையோடு கொழுக்கட்டையைக் கடிப்பதுபோல, 'டமாலே'யை மேலுறையோடு கடித்துக் கேலிக்கு ஆளானார்.) தேர்தல் இல்லாத மாதத்தில் வேட்பாளரின் ஆபீஸ் திறந்திருந்ததா, வேலை தெருவுக்கே நடந்ததா, தெரிந்தவர் வீட்டுக்கு மட்டுமா என்று விசாரியுங்கள்.

கேள்வி: வழக்கு விவரத்தை எங்கே பார்ப்பது?

பதில்: வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில். தேர்தல் ஆணையத்தின் செயலியில் 'கேஒய்சி' (உங்கள் வேட்பாளரை அறியுங்கள்) பகுதியிலும் கிடைக்கும். எத்தனை வழக்கு என்பதைவிடப் பிரிவு எண்தான் முக்கியம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188 என்றால் பெரும்பாலும் மறியல், தடையை மீறிய கூட்டம். கட்சிக்காரர்கள் பலருக்கும் இருக்கும். 307 கொலை முயற்சி, 420 மோசடி. 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றமென்றால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாபடி 307, 420-க்குப் பதில் 109, 318 என்று இருக்கும். நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்துவிட்டதா என்பதையும் பாருங்கள், வெறும் எஃப்.ஐ.ஆரைவிட அது கனமானது.

வழக்குள்ளவர் நாளிதழிலும் டிவியிலும் 3 முறை அதை விளம்பரம் செய்தாக வேண்டும். முதல் விளம்பரம், வாபஸ் கெடு முடிந்த 4 நாளுக்குள். வழக்கில்லாத ஒருவரை ஏன் நிறுத்தவில்லை என்று கட்சியும் எழுத வேண்டும். 'ஜெயிக்கக்கூடியவர்' என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சிகள் காரணமாக என்ன எழுதுகின்றன என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.