எச்சிலில் அல்சைமர் தெரியுமா? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மருத்துவ ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ஞாபக மறதியில் தொடங்கும் மூளை நோயான அல்சைமரை எச்சில் பரிசோதனையில் கண்டுபிடிப்பது பற்றித்தான்.

கேள்வி: எச்சிலை வைத்தே அல்சைமரை முன்கூட்டி கண்டுபிடிக்கிறார்களாமே சார். அப்பாவுக்கு 71 வயது. எங்கே செய்யலாம்?

எங்கும் செய்ய வேண்டாம். நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட எச்சில் பரிசோதனை எதுவும் இன்னும் இல்லை. எல்லாம் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூளை நோய்க்கும் எச்சிலுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு, டாவ் புரதங்கள் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உருவாகின்றன. அதனால்தான் அங்கே தேடுகிறார்கள். அதிகம் பேசப்பட்டது லாக்டோஃபெரின் என்ற புரதம். வாயில் கிருமிகளை எதிர்ப்பது அதன் வேலை. அல்சைமர் நோயாளிகளின் எச்சிலில் இது குறைவாக இருப்பதாக ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2017-ல் சொன்னார்கள். 2020-ல் மூளை ஸ்கேனோடு ஒப்பிட்டும் சாதகமான முடிவையே வெளியிட்டார்கள். எனக்கும் அப்போது பெரிய நம்பிக்கை வந்தது. ஆனால் 2021-ல் டென்மார்க்கில் ஒரு குழு, ஞாபக மறதி சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இதையே சோதித்தது. வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

கேள்வி: ஒரே சோதனைக்கு எப்படி இரண்டு பதில் வரும்?

எச்சிலைக் கையாண்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒன்றல்ல. ஈறில் லேசாக ரத்தம் கசிந்தாலே அளவு மாறும். சில மனச்சோர்வு மாத்திரைகள் வாயை உலர வைக்கும். அமிலாய்டோ மிக மிகக் குறைவாகத்தான் இருக்கும், போதாததற்கு குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எச்சிலை அனுப்பி மரபணு சோதனை செய்தேன். ஏபிஓஈ 4 ஒன்று இருக்கிறதாம். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பயப்படாதீர்கள் அம்மா. ஏபிஓஈ 4 என்பது அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு வகை. அது நோயைக் காட்டும் சோதனையே இல்லை, பரம்பரையாக வந்த ஒரு வாய்ப்பைச் சொல்கிறது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து ஒன்று இருந்தால் ஆபத்து சுமார் 2, 3 மடங்கு கூடும் என்பார்கள். ஆனால் அது இருந்தும் கடைசிவரை நோய் வராதவர்கள் நிறைய, அது இல்லாமலே வந்தவர்களும் நிறைய.

கேள்வி: ரத்தப் பரிசோதனை?

அது வெகுவாக முன்னேறிவிட்டது. அமிலாய்டோடு, டாவின் ஒரு வடிவமான பி-டாவ் 217 புரதத்தையும் அளக்கும் ஒரு ரத்தச் சோதனைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி தந்தது. அதுவும் அறிகுறி உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்குத்தான்.

கேள்வி: அம்மாவுக்கு 66. அடுப்பை அணைக்க மறக்கிறார். வயசானால் இப்படித்தானே?

தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். என் பெரியம்மாவையும் "வயசாச்சு" என்றே விட்டிருந்தோம். பார்த்தால் வைட்டமின் பி12 மிகக் குறைவு. ஊசி போட்டு மூன்று மாதத்தில் பால் கணக்கு நோட்டை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் இப்படித் திரும்பாது. ஆனாலும் பி12, தைராய்டு, மனச்சோர்வு, காது கேட்கும் திறன், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: ஆராய்ச்சிக்கு எச்சில் கேட்டால் கொடுக்கலாமா?

தாராளமாக. ஊசி இல்லாமல், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒருநாள் வர வேண்டுமென்றால் நிறைய பேர் கொடுக்கத்தான் வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: முடிவை உங்களிடம் சொல்வார்களா, மரபணுத் தகவல் யாரிடம் இருக்கும்.