சி.ஓ.ஓ. ஆகப்போகிறவருக்கு ரெஸ்யூமே எதற்கு? – கடிதம்

வணக்கம் சார்,

மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 48. ஓரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ஆபரேஷன்ஸ் துணைத் தலைவராக இருக்கிறேன். கடைசியாக வேலை தேடியது 2011-ல். இப்போது பங்குச்சந்தையில் உள்ள ஒரு கம்பெனியின் சி.ஓ.ஓ. (தலைமைச் செயல்பாட்டு அதிகாரி) பதவிக்காக, பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் ஓர் எக்ஸிகியூட்டிவ் சர்ச் நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர்கள் என்னைக் கண்டுபிடித்ததே லிங்க்ட்இன்னில்தான். முக்கால் மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு, முடிக்கும்போது "ஒரு ரெஸ்யூமே அனுப்பிவிடுங்கள்" என்றார்கள்.

எல்லாம்தான் ப்ரொஃபைலில் இருக்கிறதே, அதையே பி.டி.எஃப். ஆக இறக்கி அனுப்பினால் போதாதா? 2020 ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பதினோரு வாரத்தில் இரண்டு ஷிப்டையும் ஓடவைத்தவன் நான். இந்த வயதில் ரெஸ்யூமே எழுதுவது மறுபடி கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போவதுபோல் கூச்சமாக இருக்கிறது. எழுதித் தருகிறவர் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். பழைய ரெஸ்யூமேவை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

ரெஸ்யூமே வேண்டும். அந்த பி.டி.எஃப்.ஐ மட்டும் அனுப்பிவிடாதீர்கள். என்னுடையதை ஒருமுறை இறக்கிப் பார்த்திருக்கிறேன். இடது ஓரம் முழுக்க ஒரு கறுப்புப் பட்டை, அதற்குள் நான் என்றைக்கோ கிளிக் செய்து மறந்துபோன மூன்று திறமைகள், அப்புறம் பக்கம் பக்கமாகத் தேதிகள். என் சொந்த வாழ்க்கையே எனக்கு அலுப்புத் தட்டியது.

(உங்கள் பதவியையும் ஊரையும் கொஞ்சம் மாற்றித்தான் பிரசுரித்திருக்கிறேன். உங்கள் எம்.டி.யும் இணையத்தில்தானே இருக்கிறார்.)

அடைப்புக்குறிக்குள் சொன்னதுதான் உண்மையில் உங்கள் கேள்விக்குப் பதில். ப்ரொஃபைலை உங்கள் எம்.டி. படிக்கிறார், போட்டிக் கம்பெனி படிக்கிறது, உங்களுக்குக் கீழே வேலை செய்யும் இருநூறு பேர் படிக்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொல்லக்கூடியதைத்தான் அங்கே எழுத முடியும், அதனால்தான் எல்லோருடைய ப்ரொஃபைலும் கல்யாணப் பத்திரிகைபோல் ஒரே மாதிரி இருக்கிறது. எத்தனை கோடி நஷ்டத்தில் ஓடிய பிரிவை எடுத்தீர்கள், எவ்வளவு காலத்தில் மீட்டீர்கள், எந்த முடிவு சொதப்பியது, ஏன் இப்போது வெளியே வர நினைக்கிறீர்கள் என்பதையெல்லாம் அங்கே எழுதினால் மறுநாள் காலையில் கேபினுக்குக் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு வேலை தேடுவதாகக் காட்டும் அந்தப் பச்சை வளையத்தைப் போட்டார். எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. விடிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் அவருடைய கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கவும் வழி இருக்கிறது, ஆனால் சொந்தக் கம்பெனிக்காரர்கள் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன்னே உத்தரவாதம் தருவதில்லை.

சரி, ரெஸ்யூமே யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். சர்ச் நிறுவனத்துக்காரருக்கு உங்களைத் தெரியும், முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அவர் உங்கள் ரெஸ்யூமேவை வைத்துத் தங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு குறிப்பு தயாரித்து, இரண்டையும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்புவார். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 178-வது பிரிவுப்படி, சீனியர் மேனேஜ்மென்ட் பதவிக்குத் தகுதியானவர்களை இனம்கண்டு போர்டுக்கு, அதாவது இயக்குநர் குழுவுக்குப் பரிந்துரைப்பது நாமினேஷன் அண்ட் ரெமுனரேஷன் கமிட்டியின் (நியமனத்தையும் சம்பளத்தையும் கவனிக்கும் குழு) வேலை. சி.ஓ.ஓ. அதற்குள் வருகிறார். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் காகிதம்தான் இருக்கும்.

ஹெச்.ஆர். தலைவராக அந்த மாதிரி அறையில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை நான்கு பேருடைய காகிதங்கள் வந்திருந்தன. ஒருவர் உங்களைப்போலவே ப்ரொஃபைலை இறக்கி அனுப்பியிருந்தார். கமிட்டியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், எதையும் பிரிண்ட் எடுத்துப் பென்சிலோடுதான் படிப்பார். "இவருக்குக் கீழே எத்தனை பேர்? எவ்வளவு டர்ன்ஓவர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், சொன்னேன். "அதை ஏன் அவரே எழுதவில்லை?" என்றார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார். நான்கு பேரில் ப்ரொஃபைலை அனுப்பியவர்தான் கெட்டிக்காரர் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்குறியைத் தாண்டி அவரை என்னால் மேலே கொண்டுபோக முடியவில்லை.

ரெஸ்யூமேவின் காலம் முடிந்துவிட்டது என்று நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளம் வந்த 1997-லிருந்தே யாராவது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், 2003-ல் லிங்க்ட்இன் வந்த பிறகு இன்னும் சத்தமாக. நடந்தது வேறு. ஒரு பட்டியலிட்ட கம்பெனி இயக்குநரை நியமிக்கும்போது பங்குதாரர்களுக்கு என்னென்ன தரவேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2015-ல் கொண்டுவந்த விதிகளில், முதலில் நிற்பதே அந்த இயக்குநரின் சுருக்கமான ரெஸ்யூமேதான், அதே வார்த்தையில். நாளைக்கு உங்களைப் போர்டில் உட்காரவைத்தாலும் கேட்பார்கள். ஆகவே கூச்சத்தை விடுங்கள்.

இப்போது உங்கள் பழைய ரெஸ்யூமே. ஏழு பக்கம். அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண், ப்ளஸ் டூ மார்க், கடைசியில் "மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்", இடம், தேதி, கையெழுத்துக்கு ஒரு கோடு. இதைப் பயோடேட்டா என்பார்கள், வரன் பார்க்கத்தான் உதவும். ஓரகடம் வேலையைப் பற்றி அதில் இருப்பது ஒரே வரி: "ஆலையின் ஒட்டுமொத்தச் செயல்பாடுகளுக்குப் பொறுப்பு." ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் போகிறபோக்கில், பதினோரு வாரத்தில் இரண்டு ஷிப்டை ஓடவைத்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். அது ஏன் ஏழு பக்கத்தில் எங்கேயும் இல்லை? எத்தனை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், உற்பத்தி முன்பிருந்ததில் எத்தனை சதவீதத்துக்குத் திரும்பியது, அதில் எத்தனை பேர் இன்றும் வேலையில் இருக்கிறார்கள் என்று மூன்று எண்களோடு எழுதுங்கள். முதல் பக்கத்தின் பாதிக்கு மேலே வரட்டும். மொத்தம் இரண்டு பக்கம், தப்பித்தவறி மூன்று. 2005-க்கு முன்னால் செய்ததெல்லாம் வேலைக்கொரு வரி போதும். வாடிக்கையாளருக்குக் கொடுத்த விலை, கான்ட்ராக்ட் விவரம் மாதிரி இப்போதைய கம்பெனியின் ரகசியங்களைத் தொடாதீர்கள். அதைக் காகிதத்தில் போடுகிறவரைப் புதுக் கம்பெனியும் நம்பாது.

அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் எழுதுவது உங்கள் ப்ரொஃபைலைவிட மினுக்கலாக இருக்கும், பென்சில்காரர் கேள்வி கேட்டால் அதில் பதில் இருக்காது.

ப்ரொஃபைலை அழிக்கச் சொல்லவில்லை. உங்களைக் கண்டுபிடிக்கவைத்ததே அதுதான், அது பாட்டுக்கு இருக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. யாஹூவின் தலைமைப் பொறுப்புக்கு 2012 ஜனவரியில் வந்த ஸ்காட் தாம்சன் மே மாதமே வெளியேறினார். அவருடைய அதிகாரபூர்வக் குறிப்பில் அக்கவுண்டிங்கோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் படித்ததாக இருந்தது, படித்தது அக்கவுண்டிங் மட்டும். கண்டுபிடித்தது ஹெச்.ஆர். இல்லை, நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பங்குதாரர். உங்களுக்கு அந்த அளவுக்கு ஒன்றும் வராது, ஆனால் பின்னணி சரிபார்க்கிறவர்கள் பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி வரைக்கும் பார்க்கிறார்கள்.

பெயர் விஷயத்தையும் கவனியுங்கள், இது நம்மாட்களுக்கே உரிய தொல்லை. சான்றிதழில் இனிஷியலோடு இருக்கிறீர்கள், லிங்க்ட்இன் கடைசிப் பெயர் கேட்டதால் அங்கே அப்பா பெயரைப் போட்டிருக்கிறீர்கள். டெல்லியிலிருந்து பேசுகிறவர் இன்டர்வியூ முழுக்க உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அதைச் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். சரிபார்க்கும் ஏஜென்சி "இரண்டும் ஒரே ஆள்தானா" என்று மெயில் போட்டு இரண்டு வாரம் இழுப்பதுதான் தொந்தரவு. ரெஸ்யூமேவில் சான்றிதழில் உள்ளபடி போட்டு, விரித்த பெயரைப் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போதைய வேலையில் சேர்ந்தது ரெஸ்யூமேவில் மார்ச் 2011, ப்ரொஃபைலில் ஜூன் 2011. எது சரி? அனுப்புவதற்கு முன்னால் பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்துப் பாருங்கள்.