ஃப்ளோம் பள்ளத்தாக்கு: ஏறுவதற்குப் புகையிரதம், இறங்குவதற்கு ஆற்றங்கரைப் பாதை

"ஒரு வாரம் நோர்வேக்கு வருகிறோம். ஃப்ளோம் மலைப் புகையிரதத்துக்குக் கொடுக்கும் கட்டணம் தகுமா? அதனோடு நடை, சைக்கிள் போன்ற எதையாவது சேர்த்துச் செய்ய முடியுமா?" என்பது உங்கள் கேள்வி. நான் பேர்கன் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டணம் தகும், ஆனால் ஒரு வழிக்கு மட்டும். ஏறுவதற்குப் புகையிரதத்தில் ஏறுங்கள். இறங்கும்போது ஆற்றோடு கூடவே, சைக்கிளிலோ கால்நடையாகவோ இறங்குங்கள். இரு வழியும் புகையிரதத்திலேயே போய்வருகிறவர்கள் அந்த இடத்தைப் பாதிதான் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பாதையின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். கடல்நீர் மலைகளுக்கு நடுவே வெகுதூரம் உள்ளே நீண்டு வரும் கழியை இங்கே ஃபியோர்ட் என்பார்கள். சொக்ன ஃபியோர்டின் கிளையான ஔர்லாண்ட் ஃபியோர்டின் முனையில், ஏறத்தாழக் கடல்மட்டத்திலேயே இருக்கும் சிற்றூர் ஃப்ளோம். மீர்டால் நிலையமோ பேர்கனையும் ஒஸ்லோவையும் இணைக்கும் பெரிய பாதையில், 866 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பாதையின் நீளம் 20 கிலோமீற்றர்தான். இந்தப் பாதையின் பெரும்பகுதியில், 18 மீற்றர் முன்னே போவதற்குள் வண்டி ஒரு மீற்றர் மேலே ஏறிவிடுகிறது. நீலகிரி மலைப் புகையிரதத்தைப் போலப் பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் ஏற்பாடு இங்கே கிடையாது. மற்றப் பாதைகளுக்கு உள்ள வழக்கமான அகலமே உள்ள பாதையில், வழக்கமான சக்கரங்களின் பிடிமானத்தை மட்டும் நம்பி வண்டி ஏறி இறங்குகிறது.

1923இல் தொடங்கிய வேலை 1940இல்தான் வண்டி ஓடும் நிலைக்கு வந்தது. மின்சார வண்டிகள் 1944இல் வந்தன. பாதையிலுள்ள 20 சுரங்கங்களில் 18 சுரங்கங்களைத் தொழிலாளர்கள் கையாலேயே குடைந்தார்கள். ஒரு மீற்றர் குடைவதற்கு ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு தேவைப்பட்டது என்று சொல்வார்கள். ஆற்றைக் கடக்க வேண்டிய இடங்களில் பாலம் கட்டுவதற்குப் பதிலாக, ஆற்றையே சுரங்கத்தில் திருப்பித் தண்டவாளத்துக்குக் கீழே போகவிட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பை நினைக்க எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் பயணிக்கு இதனால் நேர்வது என்னவென்றால், 20 கிலோமீற்றரில் ஐந்தரைக்கும் மேற்பட்ட கிலோமீற்றர்கள் இருட்டில் போய்விடுகின்றன. அருவி ஒன்று கண்ணுக்குத் தெரிந்து, கைபேசியை எடுத்து நீட்டுவதற்குள் அடுத்த சுரங்கம் வந்துவிடும்.

இருந்தாலும் ஏறும் பயணத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் தோட்டம், பழமரம், மேய்ச்சல் நிலம் எல்லாம் கீழே போய், பிர்ச் மரங்கள் குட்டையாகி, ஜூன் மாதத்திலும் பாறையிடுக்கில் பனி கிடக்கும் உயரத்துக்கு வந்துவிடுவீர்கள். ஷோஸ்ஃபொசன் அருவியருகே வண்டியைச் சில நிமிடங்கள் நிறுத்தி, எல்லோரையும் மரத்தளத்தில் இறங்கவிடுவார்கள். அருவியின் தூறல் முகத்தில் அடிக்கும். கோடையில் சிவப்பு உடை அணிந்த பெண்ணொருத்தி பாறைமேல் தோன்றி ஆடுவாள். காட்டில் வாழ்ந்து மனிதரை மயக்கும் ஹுல்ட்ரா என்ற நாட்டார் கதைப் பெண்ணின் வேடம் அது. அதைவிட எனக்குப் பிடித்தது, அதற்குப் பிறகு வாத்னஹால்சன் என்ற இடத்தில் தண்டவாளம் மலைக்குள்ளேயே முழுதாகத் திரும்பி வெளிவருவதுதான். நம் இலங்கையில் பதுளைப் பாதையில் போனவர்கள் தெமோதரை நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கே பாதை வட்டமடித்து நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகும். உயரத்தைச் சமாளிக்க மலையைச் சுற்றிக்கொள்ளும் அதே அறிவுதான் இங்கே மலைக்குள் வேலை செய்திருக்கிறது.

மீர்டாலில் இறங்கியதும் உங்கள் பயணத்தின் நல்ல பாதி தொடங்குகிறது. அங்கே வீதி வழியாகக் கார் வராது. நிலையத்திலிருந்து இறங்கும் சரளைப் பாதைதான் ரல்லார்வேகன் என்ற பழைய தொழிலாளர் வீதி. 1909இல் திறக்கப்பட்ட பேர்கன் பாதையைக் கட்டிய காலத்தில் கல், மரம், இரும்பு, உணவு எல்லாவற்றையும் மேலே கொண்டுசெல்வதற்காக அமைத்தது. ரல்லார் என்றால் புகையிரதப் பாதை போட ஊரூராகச் சென்ற கூலித் தொழிலாளி. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பாதையின் இருமருங்கிலும் ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூக்கள் நிற்கும். அவர்கள் கிளறிப் போட்ட மண்ணிலெல்லாம் முளைத்ததால் அந்தப் பூவுக்கும் ரல்லார் ரோஜா என்றே பெயர்.

மீர்டாலுக்குச் சற்றுக் கீழே 21 கொண்டையூசி வளைவுகள் வருகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகும்படி அறிவிப்புப் பலகை இருக்கிறது. முதன்முறை போனபோது அதை நான் பொருட்படுத்தவில்லை. நாலாவது வளைவில், வாடகைக்கு எடுத்த சைக்கிளின் பின் பிரேக் பிடிக்காமல் போயிற்று. முன் பிரேக்கை இறுக்கினால் உருண்டைக் கற்களில் சக்கரம் வழுக்குகிறது. ஒரு காலைத் தரையில் இழுத்தபடி மலைப்பக்கத்துப் புல்மேட்டில் சாய்ந்து விழுந்தேன். முழங்கை உரசியதோடு தப்பினேன். மறுபக்கம் சாய்ந்திருந்தால் கீழே ஆறுதான். பிறகு பார்த்தால், பிரேக் கட்டை தகடுபோல் தேய்ந்திருந்தது. சக்கரத்தின் விளிம்பில் விரலை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அன்றிலிருந்து, சைக்கிளை வாங்கிய இடத்திலேயே இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பார்க்காமல் புறப்படுவதில்லை. வளைவுகளையும் நடந்தே கடக்கிறேன். நடந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. வண்டியில் ஒரு கணம் மின்னி மறைந்த அருவி இங்கே ஒவ்வொரு வளைவிலும் வேறு முகம் காட்டி உங்களோடு கூடவே இறங்கி வரும்.

வளைவுகள் முடிந்ததும் கோர்டால். கோடையில் ஆடுகள் பாதையின் நடுவே படுத்துக் கிடக்கும். மணியடித்தாலும் எழும்பாது, நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். ஆட்டுப்பாலின் மோரைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பழுப்புநிறச் சீஸை இந்தப் பக்கத்தில் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். பால்கோவாவுக்கும் சீஸுக்கும் நடுவில் ஒரு சுவை. எங்கள் பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள். இதற்குப் பிறகு சரிவு குறைந்து, ஆறு பாதைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அடியிலுள்ள ஒவ்வொரு கல்லும் தெரியும் அளவுக்குத் தெளிந்த, இலேசான பச்சைநிற நீர்.

சைக்கிளில் மீர்டாலிலிருந்து ஃப்ளோம் வரை ஏறத்தாழ 17 கிலோமீற்றர். நின்று நின்று வந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் ஐந்து மணி நேரமாவது தேவை. பெரியவர்களோடு வருகிறவர்கள் இன்னொரு வழியைக் கவனிக்கலாம். பாதையின் நடுவே, மேலேறும் வண்டியும் கீழிறங்கும் வண்டியும் விலகிச் செல்லும் ஒரேயொரு இடம் பேரேக்வாம் நிலையம். மீர்டால் வரை போய், திரும்பும் வண்டியில் பேரேக்வாமில் இறங்கி, அங்கிருந்து மெல்லிய இறக்கத்தில் நடக்கலாம். வவுனியாவிலிருந்து வந்திருந்த என் மாமிக்கு முழங்கால் வலி. அவரை இப்படித்தான் கூட்டிச்சென்றேன். வழியில் ஆற்றங்கரைக் கல்லொன்றில் உட்கார்ந்து காலை நீரில் வைத்தவர், வைத்த வேகத்திலேயே எடுத்துக்கொண்டு, "இதென்ன தம்பி, ஐஸ் தண்ணியெல்லோ!" என்றார். பின்னர் திரும்பவும் வைத்துப் பத்து நிமிடம் அப்படியே இருந்தார். அன்று இரவு வலி மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீரின் குணமா, நடந்த மகிழ்ச்சியா என்று நான் கேட்கவில்லை.

துறைமுகத்துக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் முன்னால் வரும் வீடுகளும் வயல்களும்தான் பழைய ஃப்ளோம் ஊர். கப்பலில் வந்து வண்டியேறிப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்ப்பதேயில்லை. 1670இல் மரத்தால் கட்டிய சிறிய தேவாலயம் இங்கே இருக்கிறது. இறங்கிப் பத்து நிமிடம் அதன் வளவில் நில்லுங்கள், ஆற்றின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றில் சால்மன் பிடிப்பதற்காகவே ஆங்கிலேயச் செல்வந்தர்கள் கப்பலேறி வந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் சுற்றுலா அவர்களுடைய தூண்டிலிலிருந்துதான் தொடங்கியது. இதே ஆறு 2014 ஒக்ரோபரில் பெருகி வீடுகளையும் வீதியையும் அடித்துச்சென்றது. கரையில் நீங்கள் காணும் பெரும்பாறைத் தடுப்புகள் அதற்குப் பிறகு பலப்படுத்தியவை. அவ்வளவு தெளிந்த நீருக்கு அவ்வளவு கோபம் வரும் என்பது, அந்தப் பாறைகளின் பருமனைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

உடல்வலிமையும் ஒரு முழு நாளும் இருந்தால், மீர்டாலுக்குப் பதிலாக, பேர்கன்-ஒஸ்லோ பாதையில் 1222 மீற்றர் உயரத்திலுள்ள ஃபின்சே நிலையத்தில் சைக்கிளோடு இறங்கி அங்கிருந்தே ஃப்ளோம் வரை வரலாம். மரமே இல்லாத மேட்டுநிலம், பனியாற்றின் காட்சி, பிறகு படிப்படியாகப் பச்சை. ஆனால் அந்த மேல்பகுதியில் பனி உருகிப் பாதை திறப்பதற்குப் பெரும்பாலும் ஜூலை நடுப்பகுதி ஆகிவிடும். ஜூனில் வருகிறவர்கள் மீர்டாலிலிருந்து கீழே உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. துணிச்சல்காரப் பிள்ளைகள் இருந்தால், வாத்னஹால்சனிலிருந்து கோர்டாலுக்குக் கம்பிவடத்தில் தொங்கிச் சறுக்கும் விளையாட்டும் உண்டு. 1381 மீற்றர் நீளம், 305 மீற்றர் இறக்கம். என் மகள் இரண்டு தடவை போனாள். நான் கீழே நின்று சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டேன். மாலையில் நேரம் மிஞ்சினால், பிரெக்கஃபொசன் அருவிக்கு நேபாளத்து ஷெர்பாக்கள் அடுக்கிய கற்படிகளில் ஏறிப் போகலாம். ஊரும் ஃபியோர்டும் ஒன்றாகத் தெரியும் இடம் அது. ஃபியோர்டில் படகுச் சவாரியை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற நேரோய் ஃபியோர்ட் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கடைசியாக, ஏற்பாடுகள். ஃப்ளோமில் தங்கி, காலை முதல் வண்டிகளில் ஒன்றில் ஏறுங்கள். பெரிய கப்பல்களின் பயணிகள் வந்துசேர்ந்த பிறகு ஜன்னலோர இடம் கிடைப்பது கடினம். ஒரு வழிச் சீட்டை முன்கூட்டியே எடுங்கள். சைக்கிளை ஏற்றுவதற்குத் தனிச்சீட்டு வேண்டும், அதற்கான இடமும் கொஞ்சம்தான். மழைச்சட்டை இல்லாமல் புறப்பட வேண்டாம். ஆனால் மழை என்பதற்காகப் பயணத்தை ஒத்திவைக்கவும் வேண்டாம். மழை நாளில்தான் பள்ளத்தாக்கின் இரு சுவர்களிலும், முந்தின நாள் இல்லாத இடங்களிலெல்லாம் வெள்ளை நூல்போல அருவிகள் தொங்கும்.