எரு வாடையும் வீட்டு வரியும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். நியூஜெர்சியிலிருந்து வேலை மாறி வந்து நாலு வருஷம் ஆகிறது. இதே கவுண்டியின் லிட்டிட்ஸில் உங்கள் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோள வயல். வாங்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஏப்ரலில் எரு அடிக்கத் தொடங்கினால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஆபீஸ் போகிற வழியில், காரும் மின்கம்பியும் வேண்டாமென்று வாழ்கிற கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ்காரர்களின் குதிரை வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகவேண்டும். அதெல்லாம் பழகிவிட்டது. போன மாதம் டவுன்ஷிப் (உள்ளாட்சி) கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு பண்ணை நிலத்தில் வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். பேசிய அத்தனை பேரும் எதிர்ப்பு. வீட்டு விலையோ ஏறிக்கொண்டே போகிறது. பண்ணைக்காரருக்கு வரிச்சலுகை, நிலத்தில் வீடு கட்டாமல் இருப்பதற்கு அரசுப் பணம் வேறு. கவுண்டியின் மொத்தப் பொருளாதாரத்தில் விவசாயத்தின் நேரடிப் பங்கு மிகச் சிறியது. ஆஸ்பத்திரியும் தொழிற்சாலையும் வேர்ஹவுஸும்தான் இங்கே சோறு போடுகின்றன. வளர்கிற ஊரில் விவசாயத்தை இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பது வெறும் பழம்பாசம்தானே?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாடையிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே என் முதல் ஏப்ரலில், கழிவுநீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்று விடிகாலையில் மாப்பிள்ளையை எழுப்பியவன் நான். அவர் கண்ணைத் திறக்காமலே “சோளம் போடப் போறாங்க மாமா, தூங்குங்க” என்றார். ஆகவே அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

பங்கு சிறியது என்ற உங்கள் கணக்கிலும் எனக்குச் சண்டை இல்லை. கவுண்டியின் ஐந்தரை லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் விவசாயம் செய்து பிழைக்கவில்லை. ஆனால் அந்தச் ‘சிறிய பங்கு’ எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். 2017 விவசாயக் கணக்கெடுப்பில் லான்காஸ்டரில் 5,000க்கு மேல் பண்ணைகள். பால், முட்டை, கோழி, காய்கறி எல்லாம் சேர்த்து விற்பனை ஏறக்குறைய 150 கோடி டாலர். பென்சில்வேனியாவில் 67 கவுண்டிகள் இருக்கின்றன. மாநிலத்தின் மொத்த விவசாய விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் ஒரு கவுண்டியுடையது. அப்போது சராசரிப் பண்ணையின் அளவு 80 ஏக்கர்கூட இல்லை. அமெரிக்கச் சராசரி 440 ஏக்கர். அதுவும் பெரிதாகப் பாசனம் எதுவும் இல்லாமல், மழையையும் அந்தச் சுண்ணாம்புக்கல் பூமியையும் நம்பி.

இந்த 80 ஏக்கர் என்கிற எண்தான் விஷயமே. இவ்வளவு சின்னப் பண்ணை தனியாக நிற்கமுடியாது. ஒரு காட்சி சொல்கிறேன்.

மகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஆமிஷ் பண்ணை இருந்தது. நாற்பது மாடு இருக்கும். காலையில் நடக்கப் போகும்போது வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பால் டேங்கர் வரும். ஓட்டுநர் இறங்கியதும் குழாயை மாட்டிவிட மாட்டார். முதலில் கையைக் கழுவுவார். தொட்டியின் மூடியைத் திறந்து பாலை முகர்ந்து பார்ப்பார். எஃகு அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, பால் ஏறியிருக்கும் கோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். பிறகு பாலைக் கலக்கவிட்டு, நீளக் கரண்டியால் கொஞ்சம் மொண்டு ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் வைப்பார். அதற்குப் பிறகுதான் பால் வண்டிக்குள் போகும். அந்தக் குப்பி எதற்கு என்று கேட்டேன். ஏதாவது ஒரு மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் கலந்திருந்தால் மொத்த டேங்கரையும் கொட்டவேண்டியதுதான். எந்தப் பண்ணையால் வந்தது என்பதைக் குப்பி காட்டிக்கொடுத்துவிடும், அந்தப் பண்ணைக்காரர் தலையில்தான் செலவு என்றார். மின்சாரக் கம்பி வராத அந்தப் பண்ணையில் பால் தொட்டியைக் குளிர வைப்பது ஒரு டீசல் எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டேங்கரை வரவிடமாட்டார்கள்.

இப்போது அந்த ஓட்டுநரின் சுற்றை யோசித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஏழெட்டுப் பண்ணை இருந்தால்தான் ஒரு நடையில் வண்டி நிறையும். அதில் நாலு பண்ணை வீட்டு மனையாகிவிட்டால், மிச்சம் நாலு பண்ணைக்காக அதே வண்டி அதே தூரம் ஓடவேண்டும். பால் ஏற்றும் கூலி ஏறும், அல்லது வண்டி வருவது நின்றுபோகும். மாட்டு டாக்டருக்கும் இதே கணக்குதான். தீவன மில், குளம்பு சீவுகிறவர், சினை ஊசி போடுகிறவர், கறவை மெஷின் பழுது பார்க்கிறவர் எல்லாருக்கும் இதே கணக்குதான். ஒரு தீவன மில் மூடினால் அதற்கு அப்பாலிருக்கிற பண்ணை, தன் நிலத்தை யாருமே தொடாமலிருந்தும் நொடிக்கும். நீங்கள் பார்க்கும் புள்ளிவிவரத்தில் மில்காரர் உற்பத்தித் துறையில் இருப்பார், டேங்கர் போக்குவரத்தில், டாக்டர் சேவைத் துறையில். விவசாயம் என்ற வரியில் பண்ணைக்காரர் மட்டும் தனியாக நிற்பார்.

நீங்கள் சொன்ன தொழிற்சாலைகளில் எத்தனை இந்த வயலிலிருந்து முளைத்தவை என்பது இன்னொரு கதை. நம்மூரில் நியூ ஹாலண்ட் டிராக்டர் பார்த்திருப்பீர்கள். நான் அதை ஏதோ டச்சுக்காரன் கம்பெனி என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் நியூ ஹாலண்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறதே, அந்தப் பெயர்தான் அது. 1895இல் ஏப் சிம்மர்மன் என்பவர் அங்கே ஒரு பட்டறை வைத்தார். 1930களில் அதே வட்டாரத்தில் எட்வின் நோல்ட் என்ற மெனோனைட் (ஆமிஷ்காரர்களுக்கு உறவான சபை) விவசாயி, வைக்கோலைத் தானே வாரித் தானே கட்டும் ஒரு மெஷினை உருவாக்கினார். பட்டறை அதைத் தயாரித்து உலகம் முழுக்க விற்றது. இன்று தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகிற மெஷின் வருகிறது, அந்த வகை மெஷினின் பூர்வீகத்தில் உங்கள் கவுண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. வாரயிறுதியில் பிள்ளைகளை அழைத்துப்போகிற ஹெர்ஷியும் அப்படித்தான். மில்டன் ஹெர்ஷி லான்காஸ்டரில் கேரமல் மிட்டாய்க் கம்பெனி நடத்தி, 1900இல் அதைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, சாக்லேட் ஆலைக்கு இடம் தேடியபோது பக்கத்துக் கவுண்டியில் பால் மாடுகளின் நடுவே போய் உட்கார்ந்தார். பால் சாக்லேட்டுக்குப் பால் வேண்டுமே.

வரிக்கு வருவோம். பண்ணைக்காரர் வரிச்சலுகை பெறுகிறார் என்பது உண்மை. 1974இல் வந்த சட்டம் அது. நிலத்துக்குச் சந்தை விலையில் வரி போடாமல், அதில் விளைவதன் மதிப்பில் போடுகிறார்கள். அவர் பாதியில் மனம் மாறி நிலத்தை மனையாக்கினால் ஏழு வருஷத்துச் சலுகையையும் 6 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பங்கு, உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போயிருக்கும். அமெரிக்க விவசாய நில அறக்கட்டளை, நாடு முழுவதும் நூற்றைம்பது ஊர்களின் கணக்கைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது. குடியிருப்பிலிருந்து ஒரு டாலர் வரி வந்தால், பள்ளி, சாலை, போலீஸ் என்று அந்தக் குடியிருப்புக்கு ஆகும் செலவு நடுமதிப்பாக 1.16 டாலர். பண்ணை, காடு போன்ற நிலத்துக்கு 37 சென்ட். அதாவது வரி குறைத்துக் கட்டுகிற பண்ணைக்காரர் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குத் தன் பங்குக்குமேல் போடுகிறார். வீடு வாங்கிய நாம்தான் மற்றவர் தோளில் சவாரி.

இந்தக் கணக்கில் ஓட்டை இல்லாமலும் இல்லை. அந்த வீடுகளில் இருப்பவர்கள்தானே ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் போய் உழைக்கிறார்கள்? அது இதில் சேராது. ஆனாலும், வயலில் வீடு வந்தால் ஊருக்கு வரி கொட்டும் என்று யாராவது மேடையில் சொன்னால், எந்த வருஷத்திலிருந்து என்று கேளுங்கள்.

அப்புறம் நீங்கள் சொன்ன ‘அரசுப் பணம்’. அது சும்மா கொடுப்பதில்லை. அந்த நிலத்தில் மனை போடும் உரிமையை மட்டும் கவுண்டி விலைக்கு வாங்கிக்கொள்கிறது. பண்ணைக்காரர் நாளைக்கே நிலத்தை இன்னொருவருக்கு விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் வாங்குகிறவரும் அதில் விவசாயம்தான் செய்யமுடியும், என்றென்றைக்கும். பத்திரத்திலேயே ஏறிவிடும். 1980இலிருந்து இதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. ஆமிஷ்காரர்கள் பலர் அரசாங்கக் காசைத் தொடத் தயங்குவார்கள், அவர்களுக்கும் தோதாக 1988இல் தனியார் அறக்கட்டளை ஒன்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கின்றன.

வீட்டு விலை பற்றி உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வயலைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். 1990களிலேயே கவுண்டி, நகரங்களைச் சுற்றிக் கோடு போட்டு, வீடும் கடையும் இதற்குள், பண்ணை இதற்கு வெளியே என்று திட்டம் வகுத்தது. கவுண்டியில் 60 உள்ளாட்சிகள். எங்கே எதைக் கட்டலாம் என்பதில் கடைசி வார்த்தை அவர்களுடையது. கோட்டுக்கு வெளியே பல டவுன்ஷிப்புகளில் 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். சரி, கோட்டுக்கு உள்ளேயாவது அடுக்குமாடி கட்ட விடவேண்டுமல்லவா? நான் மகளோடு போன ஒரு கூட்டத்தில், பழைய கடைத்தெருவின் காலி பார்க்கிங் இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு வருவதற்கு அனுமதி கேட்டார்கள். அதற்கும் எதிர்ப்பு. டிராஃபிக், நிழல், ‘ஊரின் குணம்’. முந்தின வாரம்தான் வயலைக் காப்பாற்றுவோம் என்று அட்டை பிடித்த அதே அம்மாள் எழுந்து பேசினார். வயலிலும் கூடாது, பார்க்கிங்கிலும் கூடாது என்றால் உங்களைப் போல் வருகிறவர்கள் மரத்திலா இருப்பது? பழம்பாசம் என்று நீங்கள் சொல்வது இந்த அம்மாளுக்குப் பொருந்தும். பண்ணைக்காரருக்குப் பொருந்தாது.

பண்ணைக்காரரையும் நான் தெய்வமாக்கவில்லை. அத்தனை மாட்டையும் கோழியையும் சிறிய நிலப்பரப்பில் அடைத்தால் எரு எங்கே போகும்? ஓடைக்கு. ஓடையிலிருந்து சஸ்குவஹன்னா ஆற்றுக்கு, அங்கிருந்து செசபீக் விரிகுடாவுக்கு. நண்டும் சிப்பியும் செத்ததில் உங்கள் கவுண்டியின் பங்கு கணிசமானது. பென்சில்வேனியாவில் நைட்ரஜனை மிக அதிகமாகக் குறைக்கவேண்டிய பொறுப்பு லான்காஸ்டருக்குத்தான். ஓடையோரம் வேலி கட்டி மாட்டைத் தடுக்கிறார்கள், கரையில் மரம் நடுகிறார்கள். மெதுவாகத்தான் நடக்கிறது.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. நிலத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் அந்த நிலத்தை அங்கேயே பிறந்த பிள்ளையால் வாங்க முடியவில்லை. ஆமிஷ் குடும்பத்தில் ஏழு பிள்ளை சாதாரணம். சுமார் இருபது வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் தொகை இரட்டிப்பாகிறது. பண்ணை ஒன்றுதான், ஒரு பிள்ளைக்குத்தான். மற்றவர்கள் தச்சுப் பட்டறை வைக்கிறார்கள், தோட்டத்துக் கொட்டகை செய்து விற்கிறார்கள், பிலடெல்ஃபியா சந்தையில் கடை போடுகிறார்கள், இல்லையென்றால் கென்டக்கிக்கும் விஸ்கான்சினுக்கும் குடிபெயர்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட ஆமிஷ் குடும்பங்களுக்கு இன்று விவசாயம் முதல் தொழில் இல்லை. பாலைக் காட்டிலும் பட்டறை வருமானம் நிச்சயமானது. நான் வேடிக்கை பார்த்த பண்ணையிலேயே மூத்தவன் சமையலறை அலமாரி செய்யப் போய்விட்டான், கடைசிப் பையன்தான் கறக்கிறான். அவன் பிள்ளைகளும் கறப்பார்களா என்று டேங்கர் ஓட்டுநரிடம் கேட்டேன். பால் விலையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சிரித்தார்.

ஒன்று செய்யுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து அந்த ஊர்த் தீயணைப்பு நிலையங்கள் ஏலம் நடத்தும். பனி உருகிச் சேறாகிக் கிடக்கும் மைதானத்தில் நடப்பதால் ‘மட் சேல்’ என்றே பெயர். கார்டன்வில் ஏலம் மார்ச்சில். பழைய கலப்பை, குதிரை, வண்டி, பெண்கள் குளிர்காலம் பூராவும் தைத்த மெத்தை விரிப்பு என்று காலையிலிருந்து ஏழெட்டு ஏலக்காரர்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். வருகிற காசில்தான் தீயணைப்பு வண்டிக்கு டயரும் டீசலும். அந்த வண்டியில் போகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள், அவர்களில் ஆமிஷ் இளைஞர்கள் நிறைய. சொந்தமாகக் கார் ஓட்டாதவன் உங்கள் வீடு பற்றி எரிந்தால் தீயணைப்பு வண்டியில் தொற்றிக்கொண்டு வருவான். இதை எந்தத் துறைக் கணக்கில் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

போவதானால் ஏழு மணிக்கே போய்விடுங்கள், டோனட் தீர்ந்துவிடும். ஆபீஸ் ஷூ வேண்டாம்.

அன்புடன்.