ஆர்.சி.யில் 2014, சேஸ் நம்பரில் 2012: வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு அணைக்கட்டுப் பக்கம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு நானே ஏற்றிப் போகலாமென்று, போன மாதம் ராணிப்பேட்டையில் பழைய வண்டி விற்கும் ஒருவரிடம் 3,40,000 ரூபாய்க்குப் பிக்கப் வாங்கினேன். 2014 மாடல் என்றார். ஆர்.சி.யில் தயாரிப்பு 03/2014, பதிவு ஜூன் 2014. பட்டறை மெக்கானிக் சேஸ் நம்பரைப் பார்த்துவிட்டு, “இது 2012 வண்டி, ஏமாந்துட்டீங்க” என்கிறார். இன்னும் பேர் மாற்றவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மெக்கானிக் பார்த்தது பத்தாவது எழுத்தாக இருக்கும். சேஸ் நம்பரில் மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். அதில் பத்தாவது பெரும்பாலும் வருடத்தைக் குறிக்கும்: 2001 முதல் 2009 வரை 1 முதல் 9, அப்புறம் 2010-க்கு ஏ, 2011-க்கு பி, 2012-க்கு சி, 2013-க்கு டி, 2014-க்கு இ. மாதத்துக்கும் ஓர் எழுத்து வைக்கும் கம்பெனிகள் உண்டு. அது எந்த இடத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் நம்பரில் எங்குமே வராது.

முதலில் நீங்களே சரிபாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கச் சேஸில், முன் சக்கரத்துக்கு அருகே நம்பர் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். துருப்பிடித்த இடத்தில் ‘இ’யின் நடுக்கோடு அழிந்து ‘சி’ போலத் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். நம்பரில் கீறல் விழுந்தால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பிரிண்டிலும் சி என்றே வந்தால்? அந்த எழுத்து சந்தேகத்தைத்தான் கிளப்பும்; அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. தயாரித்த நாள், விற்ற நாள், பதிவு செய்த நாள் மூன்றும் வேறு வேறு. 2012-ல் தயாரான வண்டி ஷோரூமில் கிடந்து 2014-ல் பதிவானால், அது மட்டுமே குற்றமாகிவிடாது. உங்கள் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமே 03/2014 என்றிருப்பதுதான் இடிக்கிறது. அன்றைக்குக் கொடுத்த பேப்பர் தப்பா, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதியும்போது தப்பா என்று தெரிய வேண்டும். முதல் பதிவின்போது ஷோரூம் கொடுத்த படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழில், தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். வண்டியைப் பதிந்த ஆர்.டி.ஓ. ஆபீசில் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் அதன் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். சேஸ் நம்பரைக் குறிப்பிட்டு, எந்த மாதம் தயாரான வண்டி என்று கம்பெனிக்கும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. வண்டியில் குத்தியிருக்கும் நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒன்றுதானா? ஓர் எழுத்து மாறினாலும், சுற்றிலும் வெல்டிங் அடையாளம் இருந்தாலும், விஷயம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 55(5)-ன்படி, உரிமையாளரிடம் விளக்கம் கேட்டு, ஆர்.சி.யையே ரத்து செய்யலாம். அப்படியென்றால் விற்றவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்காமல் நேராகப் போலீசில் புகார் கொடுங்கள்.

நம்பர் ஒத்துப்போய், தயாரிப்பு வருடம் மட்டும் தப்பு என்றால், விற்றவருக்கு வக்கீல் நோட்டீஸ், அதன்பின் நுகர்வோர் ஆணையம். பிழைப்புக்கு நீங்களே ஓட்டும் வண்டி என்பதால், வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லி உங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவரும் ஆர்.சி.யை நம்பியே விற்றிருக்கலாம். அந்த வாதம் கட்டாயம் வரும். அதனால் 2014 மாடல் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், ரசீது, பணம் போட்ட விவரம் எதையும் அழிக்காதீர்கள். என் அனுபவத்தில் முழுப் பணம் திரும்புவது கொஞ்சம் கஷ்டம்; 2012 வண்டிக்கும் 2014 வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் கேட்பது எளிது.

பேர் மாற்ற வாங்கியவருக்கு 30 நாள்தான் கெடு. அது உங்களுக்கு முடிந்திருக்கும், அல்லது முடியப்போகிறது. திருப்பிக் கொடுப்பதா, விலையைக் குறைத்து வைத்துக்கொள்வதா என்று இந்த வாரமே முடிவெடுங்கள். அதுவரை வண்டியை நிறுத்தி வையுங்கள். அடுத்தவர் பேரில் உள்ள வண்டியில் லோடு ஏற்றிப் போய் விபத்து நடந்தால் இன்சூரன்சில் இழுபறிதான். தினமும் ஓட்டிக்கொண்டே திருப்பித் தருகிறேன் என்றால் ஆணையத்திலும் எடுபடாது.

வழக்குத் தொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால், ராணிப்பேட்டைக்கு அலையாமல் வேலூரிலேயே மனுப் போடலாம்.