கையில் 24 லட்சம், கணக்கில் 12 லட்சம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். மார்ச்சோடு வேலையை விட்டுவிட்டு, இரண்டு உள்ளூர் கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்டில் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன். மாதம் 2 லட்சம் பில் போடுகிறேன், அதில் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, என்று கழித்துத்தான் தருகிறார்கள். வரி, இன்சூரன்ஸ், வேலை நேரக் கணக்கு மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? அப்பா, அம்மா திருநெல்வேலியில்.

பதில்: வரியை முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் இன்சூரன்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி வேலையோடு போய்விட்டது. இந்த வாரமே சொந்தமாக மெடிக்ளைம் எடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். இன்று எடுத்தால் அந்தக் கெடு இன்றே ஓடத் தொடங்கும். பெற்றோருக்குத் தனி பாலிசி போடுங்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரே பாலிசியில் (ஃப்ளோட்டர்) சேர்த்தால், வயதில் மூத்தவரை வைத்துத்தான் பிரீமியம் கணக்கிடுவார்கள்.

வரி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்லும் முறையில், ஆண்டு வரவு 24 லட்சத்தில் பாதியை, அதாவது 12 லட்சத்தை, வருமானமாகக் காட்டலாம். செலவு ரசீதுகளைக் கோர்த்து வைக்க வேண்டியதில்லை. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. வேறு வருமானம் இல்லையென்றால் வரி பூஜ்யம். பிடித்த டிடிஎஸ் 2.4 லட்சமும் ஐடிஆர் 4 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். எஃப்டி வட்டி இருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள். வரி கட்ட வேண்டி வந்தால், அட்வான்ஸ் டாக்ஸை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

பலர் சறுக்குவது ஜிஎஸ்டியில். 44ஏடிஏ முறைக்கு 75 லட்சம் வரை இடமிருக்கிறது என்று கேட்டுவிட்டு, அதே எல்லைதான் ஜிஎஸ்டிக்கும் என்று இருந்துவிடுகிறார்கள். சேவைக்கு ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம்தான், அதுவும் பாதியாக்காத முழு வரவுக்கு. நீங்கள் பதினோராவது மாதத்தில் அதைத் தாண்டுவீர்கள். தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பிறகு பில்லில் 18 சதவீதம் சேரும். அது அரசின் பணம். தனி அக்கவுண்டில் போட்டு வையுங்கள்.

நேரக் கணக்கை அன்றன்றைக்கு மாலையே எழுதுங்கள்: தேதி, எந்தக் கம்பெனி, என்ன வேலை, எத்தனை மணி. ஃபோனில் விளக்கிய நேரமும் வேலைதான். மாதம் 160 மணி என்றால் உங்கள் மணிக்கூலி 1,250 ரூபாய். அழைப்புகளையும் சேர்த்து 200 மணி ஆகிறதென்றால் அது 1,000தான். இது தெரியாமல் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க உட்காராதீர்கள்.

மாதாமாதம் அந்தக் கணக்கை மெயிலில் அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே பில் போடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள், அது இலவசம். பதிவு இருந்தால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் கம்பெனி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியோடு கேட்கலாம். அப்போது அந்த மெயில்தான் உங்கள் சாட்சி.