உழவர் சந்தையில் யார் உட்காரலாம்? கேள்வி பதில்

உழவர் சந்தை அட்டை, விலைப் பலகை, வாசல் போட்டி பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் கேட்டவருக்குச் சொன்னதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பக்கம்: ஐயா, 10 சென்ட்டில் கத்தரி போட்டிருக்கிறேன். அடையாள அட்டை கிடைக்குமா? என்னென்ன தாள் கேட்பார்கள்?

10 சென்ட் என்று கூச்சப்பட வேண்டாம், விண்ணப்பியுங்கள். சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற தாள்), அடங்கல் (வயலில் என்ன பயிர் என்ற பதிவு), ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் எல்லாம் எடுத்துக்கொண்டு, எந்தச் சந்தையில் விற்கப் போகிறீர்களோ அங்கேயே நிர்வாக அலுவலரைப் பாருங்கள். வயலுக்கு நேரில் வந்து பார்த்த பிறகுதான் அட்டை தருவார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பறிப்பெல்லாம் முடிந்து செடியைப் பிடுங்கிய பிறகு விண்ணப்பித்தால், வருகிறவர் எதைப் பார்த்து எழுதுவார்? பூ விடும் நேரத்தில் மனுக் கொடுங்கள். அடங்கலில் போன போகத்துப் பயிரே இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) சொல்லித் திருத்திக்கொண்டு போங்கள். வயலில் நீங்கள், சந்தையில் வீட்டம்மா என்றால் அவர் பெயரும் படமும் அட்டையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே வாசலில் நிறுத்துவார்கள்.

அட்டை கிடைத்தபின் உங்களைக் காட்டிக்கொடுப்பது கணக்குதான். 10 சென்ட் என்பது ஏறக்குறைய 400 சதுர மீட்டர். 60 செ.மீ.க்கு 60 செ.மீ. இடைவெளியில் சுமார் 1,100 செடி நிற்கும். நல்ல ஒட்டு ரகம், செடிக்கு 2 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,200 கிலோ, பறிப்புக் காலம் 3 மாதம். நாலு நாளைக்கு ஒரு பறிப்பு என்றால் பறிப்புக்கு 100 கிலோ வரும். நாலு நாளைக்கு ஒருமுறை 100 கிலோவோடு வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். தினமும் 100 கிலோ வந்தால் மிச்சக் காய் மண்டியிலிருந்து வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அட்டையை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

கரூர்: குத்தகை நிலம். உரிமையாளர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

உங்களைக் குத்தகைதாரராகப் பதிந்துவிடுவார்கள், பிறகு நிலத்தை மீட்க முடியாது என்ற பயம் அவருக்கு. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969லிருந்து இருக்கிறது, அதனால் பயம் புதிதல்ல. பத்திரம் கேட்டு மல்லுக்கு நிற்பதை விட, இந்தப் பயிரைச் சாகுபடி செய்வது இவர்தான் என்று வி.ஏ.ஓ. தரும் சான்றை வாங்கப் பாருங்கள். அது போதுமா என்று உங்கள் சந்தை நிர்வாக அலுவலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஈரோடு: பக்கத்துத் தோட்டத்துப் பாகற்காயையும் சேர்த்துக் கொண்டுவரலாமா? பாவம், அவருக்கு வர நேரமில்லை.

கூடாது. அவர் தனக்கென அட்டை வாங்கட்டும். அடுத்தவர் காயை விற்றால் அந்த நிமிடமே நீங்கள் வியாபாரி. அட்டை ரத்தானால் உங்கள் சொந்தக் காயும் வெளியேதான் நிற்கும்.

மதுரை: பலகையில் போடும் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? முதல் தரக் காய்க்கும் அதே விலையா?

காலையில் நிர்வாகமும் விவசாயிகளும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். மண்டி விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம், வெளிச் சில்லறை விலைக்குக் கீழே 15 முதல் 20 சதவீதம் என்பது கணக்கு. மண்டியில் வெண்டை 30 ரூபாய், தெருக்கடையில் 45 என்றால் பலகையில் 36 வரும். பலகை விலைக்கு மேல் விற்கக் கூடாது.

இந்தக் கணக்கு சில நாள் முட்டிக்கொள்ளும். மண்டி 30, சில்லறை 34 என்று இடைவெளி சுருங்கினால், சில்லறையிலிருந்து 20 சதவீதம் கழித்தால் 27 ரூபாய்தான். அன்றைக்கு மண்டிக்கே போகலாமே என்று தோன்றும். பல மண்டிகளில் கமிஷன் நூற்றுக்குப் பத்து. அதைக் கழித்தால் அங்கேயும் 27, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி தனி. சந்தையில் நிற்பதில் நஷ்டமில்லை.

தர வித்தியாசத்தைப் பொறுத்தவரை உங்கள் மனக்குறை நியாயமானது. விலை ஏற்ற முடியாது, வேகமாக விற்றுத் தீர்க்க முடியும். பிஞ்சு வெண்டையை நுனி ஒடித்துக் காட்டுகிறவர் கடைதான் முதலில் காலியாகும்.

கோவை: உள்ளே நாங்கள் பலகை விலையில் கட்டுப்பட்டு நிற்கிறோம். சுற்றுச்சுவரை ஒட்டி வெளியே வியாபாரிகள் தக்காளியை 4 ரூபாய் குறைத்து விற்கிறார்கள். இதை ஏன் யாரும் தடுப்பதில்லை?

கதவுக்கு உள்ளே என்றால் சந்தை நிர்வாகம், வெளியே என்றால் உள்ளாட்சி. நிர்வாக அலுவலர் அவர்களைக் கிளப்ப முடியாது, மாநகராட்சிக்கு எழுதத்தான் முடியும். வழியை மறிக்கிறார்கள், வண்டி உள்ளே வர முடியவில்லை என்றால் அதை மட்டும் புகைப்படத்தோடு எழுதிக் கொடுங்கள். 'மலிவாக விற்கிறார்கள்' என்பது புகாரே ஆகாது.

அதே கோவையிலிருந்து இன்னொருவர்: சார், நான் அந்தச் சுவர் ஓரத்தில்தான் 12 வருசமாகக் கடை போடுகிறேன். நிலம் இல்லாதவன் பிழைக்கவே கூடாதா?

நல்லவேளை, நீங்களே வந்துவிட்டீர்கள். உங்களுக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடித்து விற்பனைச் சான்று கொடுக்கும்வரை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. சான்று இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் இடத்தை மாற்ற முடியாது. கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நகர விற்பனைக் குழுவுக்கு மனு எழுதுங்கள். ஆனால் இந்தச் சட்டம் உங்களைக் கதவுக்கு உள்ளே கொண்டுபோகாது.

முதலில் கேட்ட கோவைக்காரர் மறுபடி: அப்படியானால் எங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு, அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பா?

உங்களுக்குக் கடை வாடகை கிடையாது, சுங்கம் கிடையாது, தராசு இலவசம், கமிஷன் இல்லை. அதற்கு ஈடாகக் கேட்பது ஒன்றே ஒன்று: விளைவித்தவர்தான் விற்க வேண்டும். அந்த ஒரு விதி போய்விட்டால் ஒரே மாதத்தில் உள்ளே இருப்பதும் இன்னொரு மண்டிதான்.

4 ரூபாய் குறைவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மண்டியில் மீந்த கலப்புத் தரம், மேலே பளபளப்பு, கீழே நசுங்கல். அல்லது தராசு. சந்தேகம் இருந்தால், பிரிக்காத 1 கிலோ உப்புப் பாக்கெட்டை அவர் தராசில் வைக்கச் சொல்லுங்கள். உறையோடு 1 கிலோவுக்கு இம்மி கூடுதலாகக் காட்ட வேண்டும். 1,100 கிராம் காட்டினால் உங்கள் 'மலிவு' அங்கேயே தெரிந்துவிடும். மின்தராசில் அந்த வருடத்து முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறையிடம் சொல்லுங்கள். சுவர் ஓரத்து அண்ணன் கோபப்பட வேண்டாம், நேர்மையான தராசு வைத்திருப்பவருக்கு இதில் பயமில்லை.

பொள்ளாச்சி (வாங்குபவர்): வெளியே இருப்பவர்கள் மாலையிலும் இருக்கிறார்கள். உள்ளே மதியத்தோடு முடிகிறது. வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது?

இந்த விவாதத்தில் உருப்படியான வாதம் இதுதான். வெளியில் இருப்பவர் ஜெயிப்பது விலையால் இல்லை, நேரத்தால். விடியற்காலையில் பறித்தவர் மாலை வரை உட்கார்ந்தால் மறுநாள் பறிப்பு யார் செய்வது? கோவைக்காரர்கள் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மாலையில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (விவசாயிகளே சேர்ந்து நடத்துவது) மூலம் விற்க அனுமதி கேளுங்கள். இத்தோடு இந்த விவாதத்தை முடிக்கிறேன்.

சேலம்: உள்ளேயே சிலர் ஊருக்கே வராத காய்களை வருடம் முழுக்க விற்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

முதலில் மலைக்காய்களைத் தள்ளி வையுங்கள். கேரட், உருளை போல ஊரில் விளையாததை விற்க மகளிர் குழுக்களுக்கு நிர்வாகமே இடம் கொடுத்திருக்கலாம். மற்றவர்களுக்கு முதல் பதிலில் சொன்ன கணக்கைப் போடுங்கள். எத்தனை அட்டை, என்ன பயிர், கடைசியாக வயல் பார்த்த தேதி என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். தேதி எல்லாம் ஒரே நாளாக இருந்தால் யாரும் வயலுக்குப் போகவில்லை. அந்தத் தாளோடு மாவட்ட உழவர் குறைதீர் நாளுக்குப் போங்கள்.

நாமக்கல்: என் அட்டையில் மச்சான் விற்கலாமா?

இரவல் கூடாது என்று மேலே இருக்கிறது. மச்சானுக்கும் சேர்த்துத்தான்.

திருச்சி: எல்லோரும் ஒரே நாளில் தக்காளி கொண்டுவந்து விலை விழுகிறது. என்ன செய்யலாம்?

ஒரே நாளில் நட்டால் ஒரே நாளில்தான் பழுக்கும். நிலத்தை மூன்றாகப் பிரித்து 15, 20 நாள் இடைவெளியில் நாற்று நடுங்கள். ஓரத்தில் ஐந்து பாத்தி கீரைக்கு விடுங்கள். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம், ஐந்து நாளைக்கு ஒரு பாத்தி விதைத்தால் சந்தைக்குக் கீரை வரத்து நிற்காது. கீரைக்கு வருகிறவர் தக்காளியும் வாங்குவார். கீரைக்கட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், நடுவில் அழுகும். ஈரச் சாக்கைப் போர்த்தினால் போதும்.

ஒரே பயிர் 1 டன் வைத்திருப்பவர் முழுவதையும் சந்தைக்கு ஏற்றக் கூடாது. ஒரு ஆள் தராசு பிடித்துச் சில்லறை கொடுத்து ஒரு காலையில் 100, 150 கிலோ விற்றாலே பெரிது. மிச்சத்தை மண்டிக்கு அனுப்புங்கள்.

தேனி: ஊறுகாய், தேங்காய் எண்ணெய் விற்கலாமா?

பச்சைக் காய் வேறு, பக்குவப்படுத்திய பொருள் வேறு. விவசாயி கையில் இருக்கும் விளைபொருளை 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை. ஊறுகாய்க்கு அந்தச் சட்டத்தின் பதிவு வேண்டும், உறையில் தயாரிப்புத் தேதியும் பதிவு எண்ணும் வேண்டும். சந்தை நிர்வாகத்தின் அனுமதி அதற்குப் பிறகுதான்.

சென்னை: மாடித்தோட்டக் காய்க்கு அட்டை உண்டா?

சிட்டா எங்கே? தோட்டக்கலைத் துறையைக் கேளுங்கள்.

விருதுநகர்: அட்டைக்கு என்னென்ன தாள் வேண்டும்?

முதல் பதில்.

தஞ்சாவூர்: வாழைத்தார் கொண்டுவருகிறேன். சீக்கிரம் பழுக்க என்ன போடலாம்?

கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, பையில் இருந்தாலே சிக்கல். அறையில் எத்திலீன் வாயு அனுமதி உண்டு, 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை. ஒன்றிரண்டு தாருக்கு அதுவும் வேண்டாம். முதிர்ந்த தாரை வெட்டி, இரண்டு பழுத்த பழத்தோடு காற்றுப் புகாத டிரம்மில் ஒரு இரவு வைத்து மறுநாள் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். காம்பு பச்சையாகவும் தோல் மட்டும் பளிச்சென்ற மஞ்சளாகவும் இருக்கும் சீப்பைப் பார்த்தால் வாங்குபவரே இப்போது கேள்வி கேட்கிறார்.